சுப்பராம தீட்சிதர்

சுப்பராம தீட்சிதர் (1839 – 1906) கருநாடக இசை வல்லுநரும் பாடலாசிரியரும் இசைநூலாசிரியரும் ஆவார். எட்டயபுரம் சமஸ்தானத்தின் அவை வித்துவானாக நெடுங்காலம் பணியாற்றினார். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் இளைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனாகப் பிறந்து, பின்னர் அவருக்கே தத்துப்பிள்ளையானவர் இவர். 1904 ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சிடப்பட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை எழுதியதன் மூலம் இன்று பெரிதும் அறியப்படுகிறார்.

முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் இந்நூலில் இடம்பெற்றுள்ளன. அவருடைய பாடல்களின் உருவத்தை அறிய விரும்புவோர் முதலில் நாடும் ஆதாரம் இதுவே. ஆயினும் நூலாசிரியர் முத்துசுவாமி தீட்சிதரை ஒரு முறையேனும் கண்டதில்லை. அவர் 1835 இல் மறைந்தார். சுப்பராமர் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். இப்பாடல்கள் யாவும் தம்பியின் நினைவு வழியாகப் பேரனுக்கு வந்து, பேரனின் முதுமையில் தாளில் ஏறியவை.

தீட்சிதர் குடும்பம் எட்டயபுரம் வந்த வரலாறு

எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள ஊர். 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தாமிரபரணிக் கரையின் நெல்வயல்கள் இங்கு இல்லை. மழையை நம்பிய கரிசல் நிலம் இது. இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட எட்டப்ப மரபினர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், முருக பக்தர்கள். மேற்கே கழுகுமலை, தெற்கே கடலோரத்துத் திருச்செந்தூர் எனச் சுற்றிலும் முருகன் தலங்கள் அமைந்த பகுதி இது. மன்னர்களின் பெயர்களிலும் குமார, கார்த்திகேய என்னும் சொற்கள் அடிக்கடி வருவதைக் காணலாம். தமிழ்ப் புலவர்களும் தெலுங்கு, வடமொழிப் பண்டிதர்களும் இசைவாணர்களும் ஒரே அவையில் அமர்ந்திருந்த சிறிய அரசு இது. பின்னாளில் மகாகவி பாரதி பிறந்ததும் இவ்வூரிலேயே.

தீட்சிதர் குடும்பம் இவ்வூரைச் சேர்ந்ததன்று. குடும்பத்தின் மூத்தவரான இராமசுவாமி தீட்சிதர் (1735 – 1817) திருவாரூரில் வாழ்ந்தவர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் என்று கூறப்படுபவர். வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் வீணையும் இசையிலக்கணமும் கற்றவர். அவருக்கு முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என மூன்று மகன்கள். சென்னைக்கு அருகிலுள்ள மணலியின் செல்வந்தரான முதலியார் குடும்பத்தினரின் ஆதரவில் சில ஆண்டுகள் இக்குடும்பம் மணலியில் தங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியாருடன் தொடர்புடைய அம்முதலியார் குடும்பத்தின் வழியாகவே ஐரோப்பிய இசை இவர்கள் காதில் விழுந்தது. பாலுசுவாமி மேனாட்டு முறையில் வயலின் கற்று, அக்கருவியைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு கையாண்ட முன்னோடி ஆனார்.

முத்துசுவாமி சிதம்பரநாத யோகி என்னும் துறவியுடன் காசி சென்று சில ஆண்டுகள் தங்கித் திரும்பினார். பின்னர் திருத்தணி, காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் எனத் தலந்தோறும் சென்று பாடினார். தம்பியர் இருவரும் ஆதரவு தேடித் தெற்கே மதுரைக்குச் சென்றனர். அங்கே சின்னசுவாமி காலமானார். தனித்து நின்ற பாலுசுவாமியை எட்டயபுரம் மன்னர் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். தம்பியரைத் தேடி மதுரைக்கு வந்த முத்துசுவாமி, ஒரு தம்பி இறந்த செய்தியையும் மற்றவர் எட்டயபுரம் சென்ற செய்தியையும் அங்கேதான் அறிந்தார். அவரும் எட்டயபுரம் சென்றார். அவருடைய வாழ்வின் கடைசிப் பகுதி அவ்வூரில் கழிந்தது. 1835 ஆம் ஆண்டு தீபாவளி நாளில், சீடர்கள் பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்ததாகக் குடும்ப மரபு கூறுகிறது. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது.

ஒரு குடும்பத்தின் இடர்ப்பாடுகள் காரணமாகவே காவிரிக் கரையின் இசை கரிசல் நாட்டில் வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்த இந்த இசையைக் கடைசி வரை கட்டிக்காத்தது பாலுசுவாமியின் கிளை ஒன்றே.

பிறப்பும் தத்தெடுப்பும்

சுப்பராம தீட்சிதர் 1839 ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். தந்தை சிவராம ஐயர். தாய் பாலுசுவாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணி. குழந்தைக்கு இடப்பட்ட பெயர் பாலசுப்பிரமணிய சர்மா.

பாலுசுவாமிக்கு ஆண் குழந்தை இல்லை. முத்துசுவாமியின் வழியிலும் இசையைத் தொடர மகன் இல்லை. இந்நிலையில் பாலுசுவாமி தம் மகளின் மகனைச் சிறு வயதிலேயே எட்டயபுரத்திற்கு அழைத்து வந்து தத்தெடுத்துக்கொண்டார். பாட்டனார் தந்தையானார், பெற்ற தாய் உறவுமுறையில் தமக்கையானார், பாட்டனாரின் தமையனாகிய முத்துசுவாமி பெரியப்பாவானார். பழங்குடும்பங்களில் இத்தகைய தத்தெடுப்பு அரிதன்று. ஆனால் இங்கே தத்துப்பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்து, நிலமோ பொன்னோ அன்று. சில சுவடிகளும், எழுதப்படாமல் பாலுசுவாமியின் நினைவிலும் விரல்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான பாடல்களுமே அச்சொத்து.

சுப்பராமர் பாலுசுவாமியிடம் வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார். விளாத்திகுளம் கிருஷ்ணமாச்சாரியார் என்னும் பண்டிதரிடம் வடமொழியும் தெலுங்கும் பயின்றார். இவ்விரு கல்விகளும் பிற்காலத்தில் ஒரே நூலில் சேர்ந்து பயன்பட்டன.

அவையில் ஒரு சோதனை

பதினேழாம் வயதில் சுப்பராமர் தர்பார் இராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றி மன்னர் முன் பாடினார். மன்னருக்கு ஐயம் எழுந்தது. முதியவரான பாலுசுவாமி இயற்றிக் கொடுத்ததை இளைஞர் தமது என்று பாடுகிறாரோ என்று எண்ணினார். யமுனா கல்யாணி இராகத்தில் ஒரு ஜதிசுரம் இயற்றுமாறு அங்கேயே பணித்தார். சுப்பராமர் இயற்றிப் பாடிக் காட்டினார். ஐயம் நீங்கிய மன்னர் பரிசளித்துப் பாராட்டினார். பத்தொன்பதாம் வயதில் அவர் அவை வித்துவானாக அமர்த்தப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைத் திறமைக்குக் கிடைத்த வெற்றியாக மட்டுமே பலரும் எழுதுவர். வேறொரு கோணமும் இதில் உண்டு. குடும்ப இசை எங்கே முடிகிறது, தனி ஒருவரின் இசை எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வியைத்தான் மன்னர் எழுப்பினார். சுப்பராமர் பெற்ற ஒவ்வொரு சொற்கட்டும் இராகப் பிடியும் பாலுசுவாமியிடமிருந்து வந்தவையே. பின்னாளில் அவர் எழுதிய பெருநூலைப் பற்றியும் ஆய்வாளர்கள் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டனர்: இதில் முத்துசுவாமியினுடையது எவ்வளவு, வழியில் வந்தவர்களின் கை எவ்வளவு?

பாலுசுவாமி மறைந்தபோது சுப்பராமருக்கு ஏறத்தாழ இருபது வயது. அதன் பின்னர் முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைக் குடும்ப உரிமையுடன் அறிந்தவர் எட்டயபுரத்தில் அவர் ஒருவரே. முத்துசுவாமியின் மாணவர் வழிகள் வேறு ஊர்களில் இருந்தன. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரும் அவரிடம் பயின்றவர்களே. ஆயினும் எங்கும் எல்லாப் பாடல்களும் ஒருசேர இல்லை.

பாடல்கள்

சுப்பராமர் வர்ணங்கள், கீர்த்தனைகள், ஜதிசுரங்கள், இராகமாலிகைகள் எனப் பல வகைகளில் இயற்றியுள்ளார். எட்டயபுரம் மன்னர்கள் மீதும், முருகன் மீதும், பிற தெய்வங்கள் மீதும் பாடியுள்ளார். சங்கராபரணத்தில் அமைந்த, ஆதிசங்கரரைப் போற்றும் கீர்த்தனை இசையரங்குகளில் ஒலிக்கக் கேட்கலாம். கமாசு இராகத்தில் அமைந்த பத வர்ணம் பரதநாட்டிய மேடைகளில் நன்கு அறியப்பட்டது. திருநெல்வேலி காந்திமதியம்மன் மீது கல்யாணியில் ஒரு கீர்த்தனையும் உண்டு. நூலாசிரியர் என்ற புகழின் நிழலில் பாடலாசிரியர் சற்று மறைந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

சின்னசாமி முதலியாரின் முயற்சி

சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர் கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி அச்சிட முனைந்தார். முதுகலைப் பட்டம் பெற்றவர், கத்தோலிக்கக் கிறித்தவர். இந்து தெய்வங்களைப் பாடும் கீர்த்தனைகளுக்காகத் தம் காலத்தையும் பொருளையும் செலவிட்டவர். தியாகராசரின் பாடல்களை அவருடைய வாலாஜாபேட்டை சீடர் வழியினரிடமிருந்து திரட்டி, 1892 – 93 ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மனப்பாடத்தால் மட்டும் வாழும் இசை, வித்துவான்கள் ஒவ்வொருவராக மறையுந்தோறும் சிறிது சிறிதாக அழிந்துவருகிறது என்பது அவருடைய கவலை.

முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைத் தேடியபோது அவர் எட்டயபுரத்தை அடைந்தார். சுப்பராமர் முதலில் தயங்கினார். இத்தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. குருகுல முறையில் பாடம் என்பது ஆளறிந்து கொடுக்கப்படுவது. அச்சில் ஏறினால் விலை கொடுத்து வாங்கும் எவரும், குருவின்றி, பிழையாகவும் பாடலாம். அதற்கும் மேலாக, ஒரு வித்துவானின் குடும்பத்திற்குப் பிழைப்பும் மதிப்பும் தருவது பிறரிடம் இல்லாத அந்தப் பாடாந்தரமே. அதைப் பொதுவில் வைப்பது பரம்பரைச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மூல நிரலைத் திறந்து வைப்பதா பூட்டி வைப்பதா என்று இக்காலத்து மென்பொருளாளர்கள் வாதிடுவதைக் கேட்டவர்களுக்கு இத்தயக்கம் விளங்காமல் போகாது.

முதலியார் விடவில்லை. கைப்பொருள் கரைந்து, கண்பார்வையும் மங்கிய நிலையிலும் முயற்சியைத் தொடர்ந்தார். 1899 ஆம் ஆண்டில் இளம் மன்னர் ஜகத்வீரராம வேங்கடேசுவர எட்டப்பரின் முடிசூட்டு விழாவின்போது, முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களையும் மரபையும் நூலாக வெளியிட வேண்டும் என மன்னரிடமே வேண்டினார். மன்னர் இசைந்தார். செலவை ஏற்று, எட்டயபுரத்திலேயே அச்சிட ஏற்பாடு செய்து, சுப்பராமரைப் பணித்தார். அப்போது சுப்பராமருக்கு வயது அறுபது.

மன்னரின் ஆணை என்பதால் மட்டுமே எழுதினார் என்று கொள்வது சரியன்று. நூலின் அளவையும் அதில் கொட்டிய உழைப்பையும் காண்போருக்கு, கட்டாயத்தால் எழுதிய நூலன்று அது என்பது தெரியும். மறைத்து வைக்க விரும்பியவர் இத்தனை நுணுக்கமாகக் குறிகளை வகுத்திருக்க மாட்டார்.

சங்கீத சம்பிரதாய பிரதர்சினி

இந்நூல் 1904 ஆம் ஆண்டில் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சிடப்பட்டது. ஏறத்தாழ 1700 பக்கங்கள் கொண்டது. இசைவாணர்கள் 76 பேரின் வாழ்க்கைக் குறிப்புகள், இசையிலக்கணம், கமகங்களின் விளக்கம், பின்னர் 72 மேள இராகங்களின் வரிசையில் இராகங்களும் பாடல்களும் என அமைந்துள்ளது.

மேளங்களின் பெயர்கள் இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியலிலிருந்து வேறுபட்டவை. முதல் மேளம் இன்று கனகாங்கி எனப்படுகிறது. தீட்சிதர் மரபில் அது கனகாம்பரி. தோடி அங்கே ஜனதோடி, கல்யாணி சாந்தகல்யாணி. பெயர் மட்டும் வேறுபடவில்லை. இன்றைய முறையில் ஒவ்வொரு மேளமும் ஏழு சுரங்களும் ஒழுங்காக ஏறி இறங்கும் ஏணி. தீட்சிதர் மரபில் மேளத்திற்குத் தலைமை தாங்கும் இராகமும் வளைந்தும் சுரம் விடுத்தும் செல்லலாம். இராகம் என்பது ஏணி அன்று, நடை என்னும் பார்வை இது.

ஒவ்வொரு இராகத்திற்கும் முதலில் வேங்கடமகியின் பெயரால் வழங்கும் வடமொழி இலக்கணச் சுலோகம், அடுத்து விளக்கம், பின்னர் இலட்சண கீதம், தானம், கீர்த்தனைகள், இறுதியில் சுப்பராமர் தாமே இயற்றிய சஞ்சாரி என்னும் வரிசை பின்பற்றப்படுகிறது. இராமசுவாமி தீட்சிதர், சியாமா சாத்திரி, க்ஷேத்ரக்ஞர், பைடால குருமூர்த்தி சாத்திரி, மார்க்கதரிசி சேஷையங்கார், எட்டயபுரம் அரச குடும்பத்தினரின் பாடல்கள் எனப் பலருடைய ஆக்கங்களும் உள்ளன. தியாகராசரின் பாடல்கள் மிகச் சிலவே. வாழ்ந்த காலத்தில் நெருங்கியவர்களாயினும் இரு மரபுகளும் தத்தம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தன என்பதற்கு இது சான்று.

கமகக் குறிகள்

நூலின் மிக மதிப்புள்ள பகுதி எது என்று கேட்டால், இக்கட்டுரையாளரின் கருத்தில் அது கமகக் குறிகளே. ச ரி க ம என்று எழுதிவிட்டால் மட்டும் கருநாடக இசை தாளில் வந்துவிடாது. ஒரு சுரத்தை அசைப்பதும், அடுத்த சுரத்திலிருந்து வழுக்கி வருவதும், தொட்டு விலகுவதுமே இராகத்தின் உயிர். ஆசிரியர் எதிரில் இருந்தால் மாணவர் கேட்டு அறிவார். ஆசிரியர் இறந்துவிட்டால்?

சுப்பராமர் இதற்கு வீணையின் தண்டியைத் துணைகொண்டார். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை ஆகிய அசைவுகளுக்குத் தனித்தனிக் குறி வகுத்துச் சுரங்களின் மேல் இட்டார். பட்டியலில் தமிழ்ச் சொற்கள் விரவி இருப்பது கவனிக்கத்தக்கது. இவை ஏட்டிலிருந்து எடுத்த கலைச்சொற்கள் அல்ல, வீணைக்காரர்களின் வாய்வழக்கு. ஒதுக்கல் என்பது ஒரு மெட்டில் விரலை வைத்தவாறே தந்தியைப் பக்கவாட்டில் ஒதுக்கி மேலுள்ள சுரத்தை எழுப்புவது. ஜாரு என்பது விரலை எடுக்காமல் ஒரு மெட்டிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது. வளி, தந்தியை வளைத்து இழுப்பதால் பிறப்பது. இக்குறிகளைப் படிப்பவர், எந்த ஒலி என்பதோடு, கை எவ்வாறு அசைந்தது என்பதையும் அறிகிறார். பாலுசுவாமியிடம் சிறுவனாக அமர்ந்து பார்த்த விரலசைவு இவ்வாறு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தாளில் பதிந்தது.

ஒலிப்பதிவுக் கருவி இந்தியாவில் அப்போதுதான் கால்வைத்திருந்தது. சுப்பராமரின் குரலோ வீணையோ நமக்குக் கிடைக்கவில்லை. இக்குறிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள்ளும் சில அசைவுகளை எத்தனை அழுத்தத்துடன், எவ்வளவு வேகத்தில் இசைக்க வேண்டும் என்பதில் இன்றைய வீணைக் கலைஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

வாழ்க்கை வரலாற்றுப் பகுதி

வாக்கேயகாரர்களின் வரலாறு எனப்படும் முதற்பகுதி, கருநாடக இசைவாணர் பலரைப் பற்றிய மிகப் பழைய எழுத்து ஆதாரமாகும். முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி இன்று பாடநூல்களில் காணப்படும் செய்திகளுள் பெரும்பாலானவை இங்கிருந்தே வந்தவை. எழுதியவர் குடும்பத்தினர் என்பது இதன் வலிமை. அதுவே இதன் குறையும் ஆகும். முன்னோரைப் பற்றி வீட்டில் சொல்லப்பட்ட கதைகளில் அற்புதங்களும் கலந்திருக்கும், ஆண்டுகள் மங்கியிருக்கும்.

முத்துசுவாமியின் பிறந்தநாளை எடுத்துக்கொள்வோம். மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம் என்பது குடும்ப மரபு. பல நூல்கள் இதை 1775 மார்ச் 24 என எழுதுகின்றன. ஆனால் மன்மத ஆண்டு 1775 ஏப்ரலில் தொடங்குகிறது. அதன் பங்குனி 1776 மார்ச்சில்தான் வரும். ஆகவே 1776 என்பதே பொருந்தும் எனச் சில ஆய்வாளர் கூறுகின்றனர். அவர் மறைந்த 1835 தீபாவளியும் மன்மத ஆண்டிலேயே வருகிறது. அறுபது ஆண்டுச் சுழற்சி ஒன்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரிலேயே இறந்தார். வீட்டில் இருந்தவர்கள் ஆண்டுப் பெயரை மறக்காமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நினைவு எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு: ஆண்டின் பெயர், மாதம், நட்சத்திரம் ஆகியன பிழையின்றி நிற்கின்றன, அவற்றை ஆங்கில ஆண்டாக மாற்றியபோதுதான் குழப்பம் நேர்ந்தது.

பாத்கண்டேயின் வருகை

மும்பையைச் சேர்ந்த வழக்கறிஞரும் இந்துத்தானி இசை ஆய்வாளருமான விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860 – 1936) 1904 ஆம் ஆண்டில் பழைய இசைநூல்களைத் தேடித் தென்னாட்டில் பயணம் செய்தார். எட்டயபுரத்திற்கும் வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய சதுர்தண்டி பிரகாசிகையின் சுவடி இச்சந்திப்பின் பயனாக அவருக்குக் கிடைத்தது. இராகங்களை மேளங்களின் கீழ் வகுக்கும் தென்னாட்டு முறையை நன்கு ஆராய்ந்த பாத்கண்டே, பிற்காலத்தில் இந்துத்தானி இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக வகுத்தார். வட இந்திய இசைக்கல்லூரிகளில் பயிலப்படும் அப்பகுப்பின் பின்னணியில் எட்டயபுரத்துச் சுவடிக்கும் பங்கு உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன்பு வரை தம் வீட்டுப் பாடல்களை வெளியிடத் தயங்கியவர், இப்போது மொழியாலும் மரபாலும் அயலவரான ஒருவருக்கு அரிய சுவடியைக் காணத் தந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதி ஆண்டுகள்

1905 இல் பிரதமாப்யாச புஸ்தகமு என்னும் தொடக்கநிலைப் பாடநூலையும் சுப்பராமர் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்து இயற்றிய நோட்டுசுரப் பாடல்கள் இந்நூலில் உள்ளன. மணலிக் காலத்தில் காதில் விழுந்த ஆங்கிலேயரின் பாட்டுகள் இவ்வாறு குழந்தைகளின் இசைப்பாடமாயின.

1906 ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். பெருநூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1899 இல் மன்னர் ஆணையிடாமல் இருந்திருந்தால், அல்லது பணி இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப் போயிருந்தால், என்ன எஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் மறைவுக்கு இரங்கிப் பாரதியார் பாடிய பாடல் பாரதியின் கவிதைத் தொகுப்புகளில் உள்ளது. பெருநூல் உருவான ஆண்டுகளின் பிற்பகுதியில் பாரதி எட்டயபுரம் அவையில் பணியில் இருந்தார். 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியராகச் சென்றார். பிற்காலத்தில் பாரதி எழுதிய இசைக் கட்டுரையில், பொருள் விளங்காத பழைய பாடல்களையே வித்துவான்கள் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கடுமையாகச் சாடினார். பழைய பாடல்களைக் காக்கத் தம் முதுமையைச் செலவிட்டவருக்கு இரங்கற்பா எழுதியவரும் அவரே. இரண்டும் ஒரே மனத்தில் இடம்பெறக் கூடியவைதாம்.

பின்வந்தோர்

சுப்பராமரின் மகன் முத்துசுவாமி (1863 – 1936), அம்பி தீட்சிதர் என அழைக்கப்பட்டார். பெரியப்பாவின் பெயரை மகனுக்கு இட்டிருந்தார் தந்தை. அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து கற்பித்தார். நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர், டி. கே. பட்டம்மாள் ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்களுள் அடங்குவர். தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சுந்தரம் ஐயர், அனந்தகிருஷ்ண ஐயர் முதலியோரும் அவரிடம் கற்றனர். இவர்கள் வழியாகத் தீட்சிதரின் பாடல்கள் சென்னையிலும் கொல்கத்தாவிலும் பரவின.

சுந்தரம் ஐயர் பின்னர் வெளியிட்ட தொகுப்புகளில், பிரதர்சினியில் இல்லாத ஏராளமான பாடல்கள் முத்துசுவாமி தீட்சிதரின் பெயரில் வந்தன. இவற்றுள் எவை உண்மையில் அவருடையவை என்பது நெடுங்கால விவாதம். துவிஜாவந்தி இராகத்தில் அமைந்த அகிலாண்டேசுவரி கீர்த்தனை இன்று இசையரங்குகளில் மிகவும் விரும்பப்படுவது. பிரதர்சினியில் அது இல்லை. சுப்பராமர் தாம் அறிந்த அனைத்தையும் எழுதினாரா, இடமின்மையால் சிலவற்றை விட்டாரா, மகனிடம் மட்டும் வாய்மொழியாகச் சொல்லி வைத்தாரா என்பதைப் பொறுத்தே இவ்வழக்கின் தீர்ப்பு அமையும். நூலில் உள்ளவற்றை ஏற்பதில் எவருக்கும் தயக்கமில்லை. நூலில் இல்லை என்பதாலேயே ஒன்றைத் தள்ளலாமா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகின்றனர்.

பிரதர்சினி தெலுங்கில் இருந்தமையால் தமிழ் மாணவர்கள் பலருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எட்டாக் கனியாகவே இருந்தது. தமிழ்நாட்டில், தமிழர் நடுவே அச்சான நூலுக்கு இந்நிலை நேர்ந்தது. பி. இராஜம் ஐயர், எஸ். இராமநாதன் ஆகியோரின் உழைப்பில் உருவான தமிழ்ப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் 1983 வரை பல பாகங்களாக வெளியிட்டது. கமகக் குறிகள் அப்பதிப்பிலும் சுரங்களின் மேல் அவ்வாறே இடப்பட்டுள்ளன.